குப்பைக்குள்ள கட்டின ஊரு: கடல் திறந்து காட்டின ஸ்காரா பிரே

[காட்சி: கறுப்புத் திரை. காத்துச் சத்தம், அலைச் சத்தம் மட்டும். எழுத்து தோன்றுகிறது: ஆர்க்னி தீவுகள், 1850]

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலுக்கு நடுவுல சிதறிக் கிடக்கிற சுமார் 70 தீவுகள்தான் ஆர்க்னி. அங்க மரம் ரொம்பக் குறைவு, காத்து ரொம்ப ஜாஸ்தி. பெரிய தீவோட மேற்குக் கரையில ஸ்கெயில்னு ஒரு வளைகுடா. அதோட ஓரத்துல புல் முளைச்ச ஒரு மணல்மேடு. ஊர்க்காரங்க அதை ‘ஸ்கெராப்ரா’ன்னு கூப்பிட்டாங்க. ஆடு மாடு மேயுற மேடு, அவ்வளவுதான்.

1850 குளிர்காலத்துல ஒரு புயல் வந்து அந்தக் கரையையே புரட்டிப் போட்டுச்சு. காத்து மேட்டோட முதுகுல இருந்த புல்லைப் பிச்சு எறிஞ்சுது. அலை அடிவாரத்தை அரிச்சுது. அடிமண் போனா மேல்மண் எத்தனை நேரம் நிக்கும்? சரிஞ்சு விழுந்துடுச்சு.

[காட்சி: விடியல். சரிந்த மணல்மேடு. மணலுக்குள்ளிருந்து அடுக்குக் கல் சுவர் எட்டிப் பார்க்கிறது]

காத்து அடங்கினப்புறம் போய்ப் பார்த்தா, மணலுக்குள்ள சுவர் தெரியுது. ஒரு ஊரே உள்ள இருந்துச்சு. கூரை மட்டும் காணோம், மத்ததெல்லாம் வெச்சது வெச்சபடி. அதுதான் இன்னைக்கு ஸ்காரா பிரே.

இந்த மாதிரி கதைன்னா இணையத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். தம்ப்நெயில்ல ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, ‘மாயமான மக்கள்’னு கொட்டை எழுத்து. நான் அந்தப் பக்கம் போகப் போறதில்ல. மக்கள் எங்க போனாங்கங்கிறதை விட, அவங்க வீடு எப்படி இத்தனை காலம் நின்னுச்சுங்கிறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதுக்குப் பதில் தெரியணும்னா முதல்ல உள்ள போகணும்.

[காட்சி: குறுகலான கல் சந்து. கேமரா தாழ்ந்து உள்ளே நகர்கிறது]

குனிஞ்சு வாங்க. வாசல் உயரம் ஒரு மீட்டர் சொச்சம்தான். வீட்டுக்கு வீடு போக, மேல கல் பாவின சந்துங்க இருக்கு. மழையில நனையாம, காத்துல அடிபடாம பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வரலாம். வாசலுக்கு ஒரு கல் பலகைதான் கதவு. அதுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. ரெண்டு பக்கச் சுவர்லயும் துளை விட்டிருக்காங்க, குறுக்குத் தண்டு ஒண்ணைச் சொருகினா கதவு நகராது. தாழ்ப்பாள் இல்லாத வீடு அன்னைக்கும் இல்ல போல.

உள்ள நுழைஞ்சதும் நிமிர்ந்து பாருங்க. நேர் எதிர்ல ஒரு அலமாரி.

[காட்சி: இரண்டு தட்டு கல் அலமாரி, மெதுவாக நெருங்கும் ஷாட்]

முழுக்க முழுக்கக் கல்லு. கல் பலகையைக் காலா நிறுத்தி, மேல இன்னொரு பலகையைத் தட்டா வெச்சு, அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. வீட்டுக்குள்ள வர்றவங்க கண்ணு முதல்ல அதுலதான் விழும். நம்ம வீட்டு முன் ஹால்ல ஷோகேஸ் வைக்கிறோமே, அந்தக் கணக்குதான்னு எனக்குத் தோணுது. என்ன வெச்சிருந்தாங்களோ, வர்றவங்க பார்க்கணும்னுதான் வெச்சிருப்பாங்க.

நடுவுல சதுரமா ஒரு அடுப்பு. அதுக்கு வலது பக்கம் ஒரு கட்டில், இடது பக்கம் ஒரு கட்டில். அதுவும் கல் பலகையால கட்டின பெட்டிதான். உள்ள புல்லு, பெரணின்னு ஏதாவது பரப்பி, மேல தோல் விரிச்சுப் படுத்திருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. வலது பக்கக் கட்டில் பெருசு, இடது பக்கக் கட்டில் சின்னது. வீட்டுக்கு வீடு இதே கதைதான். தரையில சின்னச் சின்னக் கல் தொட்டிங்க. இடுக்குல தண்ணி கசியாம இருக்கக் களிமண் பூசியிருக்காங்க. பாறையில ஒட்டிக்கிட்டு வளர்ற சிப்பியை மீன் தூண்டிலுக்காக அதுல ஊறப்போட்டிருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு. சுவருக்குள்ள குட்டி அறைங்க. சிலதுக்கு அடியில வடிகால் ஓடுது, அது கழிப்பறையா இருக்கலாம்.

ஒரு வீட்டைப் பார்த்தா மத்த வீடுங்களையும் பார்த்த மாதிரி. பெரிய வீடு, ஏழை வீடுன்னு பெரிய வித்தியாசம் தெரியல.

[காட்சி: காலக்கோடு. ஸ்காரா பிரே முதலில் ஒளிர்கிறது, அதற்கப்புறம் கீசா பிரமிடு]

காலத்தைச் சொல்லிடறேன். சுமாரா கி.மு. 3100-லேர்ந்து கி.மு. 2500 வரைக்கும் இங்க ஆளுங்க குடியிருந்திருக்காங்க. எகிப்துல கீசா பெரிய பிரமிடு எழும்புறதுக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னாடியே இந்த அலமாரிக்கு முன்னாடி யாரோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க.

சரி, கட்டிலைக்கூட ஏன் கல்லுல செஞ்சாங்க? மரம் இல்ல, அதனால. ஆனா அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அந்த ஊர்ப் பாறையில இருக்கு. சுமார் 39 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆர்க்னி ஒரு பெரிய ஏரியோட படுகை. வண்டல் படிஞ்சு படிஞ்சு, இறுகி, அடுக்கடுக்கான கல்லாச்சு. தட்டினா பலகை பலகையா பிளந்து வரும். ரம்பம் வேண்டாம், உளி வேண்டாம். கரையில பொறுக்கிட்டு வந்து அடுக்கினாலே சுவர், நிறுத்தினா கதவு, படுக்க வெச்சா அலமாரித் தட்டு. மரம் கிடைச்சிருந்தா இவங்களும் மரத்துலதான் செஞ்சிருப்பாங்க. அது எப்பவோ மக்கிப்போயிருக்கும், நமக்கு இந்த வீடியோவே இல்ல.

[காட்சி: சுவரின் குறுக்குவெட்டு வரைபடம். இரு கல் வரிசை, நடுவில் கருத்த மண்]

இப்ப குப்பைக்கு வருவோம்.

அவங்க போட்ட குப்பை என்னன்னு கேட்டா, சிப்பி ஓடு, எலும்பு, அடுப்புச் சாம்பல், கல் சில்லு, அழுகினது, கெட்டுப்போனது எல்லாம். அது வருஷக்கணக்கா மக்கி, களிமண் மாதிரி கெட்டியான ஒரு மேடாயிடும். இவங்க வீட்டைக் கட்டிட்டு வெளியில குப்பை கொட்டலை. ஏற்கெனவே மக்கிக் கிடந்த குப்பைக்கு நடுவுல வீட்டைக் கட்டினாங்க. சுவர் ரெண்டு வரிசைக் கல்லு, சாந்து கிடையாது. வரிசைக்கு நடுவுலயும் குப்பை, வெளிப்பக்கம் முட்டுக் கொடுக்கிறதும் குப்பை. காத்து புகாது, குளிர் இறங்காது, சாந்தே இல்லாத சுவர் சரியாது.

‘குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது’ன்னு நம்ம ஊர்ல திட்டுறதுக்குச் சொல்வாங்க. இங்க குப்பை உயர்ந்ததாலதான் வீடு நின்னுச்சு.

ஊர் காலியானப்புறம் மணல் மூடிக்கிச்சு. அதுவும் சாதாரண மணல் இல்ல. சிப்பி ஓடு பொடிஞ்ச மணல், சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. புளிப்பான மண்ணா இருந்தா எலும்பைக் கரைச்சிருக்கும், இந்த மணல் காப்பாத்திடுச்சு. அதனாலதான் எலும்பு ஊசி, எலும்பு மணி, திமிங்கல எலும்புல குடைஞ்ச கிண்ணம் வரைக்கும் கிடைச்சுது.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளைப் படங்களின் பாணியில் அகழாய்வுக் குழி]

புயலுக்கு அப்புறம் ஸ்கெயில் பண்ணையோட சொந்தக்காரர் வில்லியம் வாட் தோண்ட ஆரம்பிச்சார். 1868-க்குள்ள நாலு வீடு வெளியில வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. 1913-ல ஒரு வார இறுதியில யாரோ சிலர் மண்வெட்டியோட வந்து, கைக்குக் கிடைச்சதை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. 1924-ல அரசாங்கம் பாதுகாப்புல எடுத்துக்கிச்சு. எடுத்த கையோட, அந்தக் குளிர்காலத்துலயே இன்னொரு புயல் வந்து ஒரு வீட்டோட ஒரு பகுதியைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. அப்பதான் அவசர அவசரமா கடல் சுவர் எழுப்பினாங்க.

அதுக்கப்புறம், 1928-லேர்ந்து 1930 வரைக்கும் இங்க முறையா அகழாய்வு செஞ்சவர் கார்டன் சைல்ட். ஆஸ்திரேலியாவுல பிறந்தவர், எடின்பரோவுல பேராசிரியர், அந்தக் காலத்துல தொல்லியல்ல பெரிய பேரு. அவரே இந்த ஊரோட வயசைத் தப்பாக் கணிச்சார். இது இரும்புக் காலத்து ஊருன்னு நினைச்சார். கிட்டத்தட்ட ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் பிசகு. 1970-கள்ல மறுபடி தோண்டி, கார்பன் தேதி எடுத்தப்புறம்தான் கணக்கு உறுதியா நேரானது.

ஊர் காலியான கதையும் சைல்ட் சொன்னதுதான். வாசல் சந்துல மணிங்க சிதறிக் கிடந்துச்சு. அதைப் பார்த்தவர், திடீர்னு மணல் புயல் வந்து ஊரே ஓடினப்போ, ஒரு பொண்ணு அந்தக் குறுகின வாசல்ல நுழைஞ்சு வெளியேறுறா, மாலை அறுந்துடுது, பொறுக்க நேரமில்லன்னு கற்பனை பண்ணார். அழகான காட்சி, இல்லன்னு சொல்லல. மாயமான மக்கள் கதைக்கெல்லாம் ஊத்துக்கண்ணு இதுதான். ஆனா இப்ப இருக்கிற ஆய்வாளர்கள், இந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமா காலியாச்சுன்னுதான் சொல்றாங்க. குளிரும் ஈரமும் கூடினது ஒரு காரணமா இருக்கலாம், ஒண்ணா நெருங்கி வாழ்ற பழக்கம் போய்த் தனித்தனிப் பண்ணை வந்தது இன்னொரு காரணமா இருக்கலாம். மாலை அறுந்து விழுறதுக்குப் புயல் வரணுமா என்ன? நம்ம வீட்டுல சாதாரண நாள்லயே அறுந்து விழும்.

எனக்கு மர்மமாப் படுறது ஏழாம் நம்பர் வீடு.

[காட்சி: ஏழாம் வீட்டின் தரைப்படம், தனிச் சந்து சிவப்பில்]

மத்த வீடுங்களோட சேராம, தனிச் சந்து ஒண்ணு வழியாத்தான் அதுக்குப் போகணும். அதுக்கு அடியில ரெண்டு பெண்களோட எலும்புக்கூடு. மத்த வீடுங்களுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். இதுக்கு வெளிப்பக்கம். உள்ள இருக்கிறவங்களைப் பூட்டி வைக்கிற வீடு. பிரசவத்துக்கா, தீட்டுக்கா, சாவுச் சடங்குக்கா, தண்டனைக்கா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எட்டாம் நம்பர்ல கட்டிலும் இல்ல, அலமாரியும் இல்ல, கல் சில்லுங்கதான் இறைஞ்சு கிடந்துச்சு. அது பட்டறை. அதுல சந்தேகம் குறைவு.

இன்னொண்ணு சொல்லாம விட்டா மனசு கேக்காது. வாட் தோண்டினப்போ திமிங்கல எலும்புல செஞ்ச ஒரு குட்டி பொம்மை கிடைச்சுது. ஒன்பதரை சென்டிமீட்டர். கண்ணு, வாய், தொப்புள் எல்லாம் உண்டு. அது தொலைஞ்சே போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணியிருந்தாங்க. 2016-ல ஆர்க்னியிலயே ஸ்ட்ராம்னெஸ் அருங்காட்சியகத்துல ஒரு பெட்டிக்குள்ள இருந்து எடுத்தாங்க. கடல் அள்ளிட்டுப் போகலை, எங்கயும் கடத்தலும் நடக்கலை. ஒழுங்கு பண்ணாத பெட்டி, அவ்வளவுதான்.

[காட்சி: கல் இல்லாத சேற்றுக் கரை, கால் தடங்கள் போன்ற பள்ளங்கள்]

எல்லா இடத்துலயும் கல் இருக்கிறதில்ல. இங்கிலாந்தோட கிழக்குக் கரையில ஹேஸ்பரோன்னு ஒரு கிராமம் (எழுத்துல பார்த்தா ஹேப்பிஸ்பர்க்னு படிக்கத் தோணும், ஏமாந்துடாதீங்க). அங்க கரை வெறும் களிமண்ணும் மணலும். வீடும் ரோடும் கடலுக்குள்ள விழுந்துக்கிட்டிருக்கிற ஊர். 2013 மே மாசம் அலை மணலை ஒதுக்கினப்போ, அடியில இருந்த பழைய சேத்துல பள்ளங்க தெரிஞ்சுது. மனுஷக் கால் தடம். குறைஞ்சது 8 லட்சம் வருஷப் பழசு. பெரியவங்களும் குழந்தைங்களும் சேர்ந்து நடந்த தடம். ஆய்வாளர்கள் மழையில நின்னு, தண்ணியை ஒத்தி எடுத்துக்கிட்டே ஒவ்வொரு கோணத்துலயும் படம் பிடிச்சாங்க. ரெண்டே வாரம். அலை அழிச்சுடுச்சு. இன்னைக்கு இருக்கிறது அந்தப் படங்களும் அதுலேர்ந்து செஞ்ச முப்பரிமாண மாதிரியும்தான்.

நம்ம பக்கமும் கடல் இப்படி ஒரு தடவை திறந்து காட்டியிருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் மாமல்லபுரம் பக்கத்துல சாளுவன்குப்பத்துல மணல் விலகி, பாறையில கல்வெட்டு தெரிஞ்சுது. அதுல ஒரு முருகன் கோயிலைப் பத்தி எழுதியிருந்துச்சு, அக்கம்பக்கத்துல அப்படி ஒரு கோயிலே இல்ல. இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தா, பல்லவர் காலக் கல் கட்டுமானம், அதுக்கு அடியில இன்னும் பழைய செங்கல் கோயில்.

[காட்சி: மறுபடி ஸ்கெயில் வளைகுடா, ட்ரோன் ஷாட். கடல் சுவர், அதன் இரு முனைகள்]

ஸ்காரா பிரேக்கு வருவோம். அந்த ஊர் கட்டினப்போ கடல் இவ்வளவு பக்கத்துல இல்ல. நடுவுல நிலம் இருந்துச்சு. இன்னைக்குக் கடல் சுவர்லேர்ந்து வீடு சில எட்டுதான். சுவர் அலையைத் தடுக்குது, சரி. ஆனா சுவர் முடியுற ரெண்டு முனையையும் பாருங்க. அங்க கரை உள்வாங்கிக்கிட்டே வருது. சுவர் அப்படியே நிக்க, கடல் பக்கவாட்டுல சுத்தி வருது. 2019-ல இந்த இடத்துக்குப் பருவநிலை மாற்றத்தால எவ்வளவு ஆபத்துன்னு ஒரு மதிப்பீடு செஞ்சாங்க. ஆர்க்னியோட கற்கால உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு ஆபத்து மிக அதிகம்னு முடிவு வந்துச்சு. வளைகுடாவை லேசர் ஸ்கேன் எடுத்து, போன தடவைக்கு இந்தத் தடவை எத்தனை மண் போயிருக்குன்னு கணக்குப் பார்த்துக்கிட்டே இருக்காங்க.

நீங்க அங்க போனா வீட்டுக்குள்ள இறங்க விடமாட்டாங்க. பக்கத்துலயே கூரையோட ஒரு மாதிரி வீடு கட்டியிருக்காங்க, அதுல குனிஞ்சு நுழையலாம். நிஜ வீடுங்களை மேல இருந்துதான் பார்க்கணும். சுவரைச் சுத்திப் புல் வளர்ந்த பாதை போகுது. அதுல நின்னு கீழ குனிஞ்சா அலமாரி, அடுப்பு, கட்டில் எல்லாம் தெரியும். காலுக்கு அடியில அந்த 5000 வருஷத்துக் குப்பை. முதுகுப் பக்கம் அலைச் சத்தம்.

[காட்சி: புல் பாதை, கீழே அலமாரி. அலைச் சத்தம் மட்டும். திரை இருள்கிறது]