தராசில் வைத்த சோற்றுக் கோப்பை

(முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள கிராமம் ஒன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் அக்காமாருக்கும், எழும்பிப் போக வசதியாகக் கதவடியில் இருக்கிற ஐயாமாருக்கும் வணக்கம்.

மேசையில் தராசைக் கண்டதும் சிலர் சிரித்தீர்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேரைத் தராசில் தொங்கவிட்டு அழவைத்தவள் நான். 100 கிராம் குறைந்தாலும் தாயை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். கர்ப்பமாக இருக்கும் வரைக்கும் அவள் என்ன சாப்பிட்டாள் என்றும் கேட்பேன். பிள்ளை பால் மறந்த பிறகு கேட்டதில்லை. தகப்பனை ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான், கேக் செய்கிற என் மகளிடம் இந்தத் தராசை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன கிழமை என் வீட்டிலேயே தொடங்கினேன். மத்தியானக் கோப்பையில் பூசணிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், மீன் குழம்பு, சோறு. பார்க்கக் கலியாணவீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தேன். பூசணி 55 கிராம். பயிற்றங்காய் 40. வல்லாரை, தேங்காய்ப்பூவோடு சேர்த்தே 15. மொத்தம் 110 கிராம். அதிலும் பாதி தேங்காய்ப்பால் என்று வையுங்கள். சோற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுவோம். காலையில் பாணும் சம்பலும், இரவு பிட்டும் மீன் குழம்பும். அப்போ அந்த நாள் முழுவதற்கும் என் கணக்கு அந்த 110 கிராம்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும். 80 கிராம்படி பிரித்தால் ஐந்து பங்கு. சமைத்த மரக்கறி என்றால் மேசைக்கரண்டியால் குவித்து மூன்று கரண்டி ஒரு பங்கு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அவை சோற்றின் இனம். சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுவிட்டு மரக்கறி சாப்பிட்டேன் என்பது, சோற்றுக்குச் சோற்றையே கறியாக வைத்த மாதிரி. பருப்பு நல்ல சாப்பாடுதான், ஆனால் அதை மீன், முட்டையோடு வைத்துத்தான் எண்ணுவோம்.

நான் ஒருத்திதான் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 2015ல் இலங்கை முழுவதும் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் எடுத்த கணக்கில், நூறு பேரில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த ஐந்து பங்கை எட்டவில்லை. கடையில் எல்லாம் வெட்டி, கழுவி, பெட்டியில் போட்டு விற்கிற அமெரிக்காவிலும், 2019ல் அந்த நாட்டு அளவுப்படி போதிய மரக்கறி சாப்பிட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். பழத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். எனவே இது காசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமில்லை.

எங்கள் கதை வேறு. இங்கே மரக்கறியை விளைவிக்கிற வீட்டில்தான் மரக்கறி குறைவு. என் பக்கத்து வளவு அண்ணர் பப்பாசித் தோட்டம் வைத்திருக்கிறார். விடிய லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். "அண்ணை, கடைசியாக எப்போது பப்பாசி சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். யோசித்தார். "விழுந்து நசுங்கினால் சாப்பிடுவோம் தங்கச்சி. நல்ல பழத்தைச் சாப்பிட மனம் வராது." அன்று பின்னேரம் அதே காசில் பெட்டிக்கடையில் கிறீம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவரில் கோபமில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சோறும் பருப்பும் கிடைத்தால் அன்று சாப்பாடு முடிந்தது. வயிறு நிரம்பினால் சரி என்ற அந்தக் கணக்கு, ஊருக்குத் திரும்பி இத்தனை வருடமாகியும் எங்களை விட்டுப் போகவில்லை.

பழத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பழம் என்றால் பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் நோயாளிக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்குவோம். படுத்திருக்கிறவர் அதைச் சாப்பிடாமல் பார்க்க வந்த பேரப்பிள்ளைக்குக் கொடுப்பார். நூறு கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஏறத்தாழ 5 மில்லிகிராம். அதே அளவு கொய்யாவில் 200க்கு மேல். அந்தக் கொய்யா கிணற்றடியில் வௌவாலுக்கு விழுந்துகொண்டிருக்கும். நாங்கள் சிறுபிள்ளையில் பாலைப்பழம், வீரைப்பழம் என்று காடு முழுக்க மேய்ந்தவர்கள். தாலி ஏறினதும் அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை.

இலங்கையில் நடக்கிற சாவு பத்தில் எட்டு, இருதய நோய், சலரோகம், புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களால்தான். மரக்கறியும் பழமும் அதை முற்றாகத் தடுத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிரஷரையும் இருதய நோயையும் குறைக்க உதவும், அது உறுதி. ஒன்று மட்டும் கவனம். வவுனியாப் பக்கம் போல எங்கள் இடங்களிலும் கிட்னி நோய்க்குக் கிளினிக் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டில் இருக்கிற பொற்றாசியம் என்ற தாதுச்சத்து கூடிவிடாமல் பார்க்க வேண்டும். வாழைப்பழம், கீரை எல்லாம் எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். என் பேச்சைக் கேட்டு ஒருவரும் சீப்போடு விழுங்க வேண்டாம்.

சரி, என்ன செய்வது? வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று சொன்னால், "ஓம் மிஸ்" என்று தலையாட்டிவிட்டுப் போவீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வேலியில் முருங்கை ஏற்கெனவே நிற்கிறது. மாரி மழை விழுந்தால் சாறணையும் முசுட்டையும் கேட்காமலே முளைக்கும். நான் கேட்பது கரண்டியைப் பற்றி. நாங்கள் முதலில் சோற்றைக் குவித்து, மிச்ச இடத்தில் கறியைத் தொட்டு வைக்கிறோம். நான் இப்போது கறியை முதலில் போடுகிறேன், மூன்று மரக்கறி, ஒவ்வொன்றும் மூன்று கரண்டி. பிறகு சோறு. இரண்டாம் நாளே இவர், "இதென்ன, மாட்டுக்குப் போட்ட மாதிரி" என்றார். சாப்பிட்டார். நேற்று மீண்டும் நிறுத்தேன், மத்தியானத்தில் மட்டும் 230 கிராம். இரவுப் பிட்டோடு முருங்கையிலை வறை, பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் ஒரு கொய்யா. 400க்குக் கிட்ட வந்துவிட்டது, இன்னும் தொடவில்லை.

தராசு இங்கேயே இருக்கும். பார்சல் கொண்டு வந்தவர்கள் மறைக்காமல் இங்கே வைத்துத் திறவுங்கள். அந்தத் தட்டத்தில் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யா இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்று எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிய வேண்டாம் அக்கா, அவர்களுக்கு வேறாக உள்ளே வைத்திருக்கிறோம்.