முகவரியின் கடைசி வரி

வணக்கம் நேயர்களே. வலை முகவரியை எப்படிப் படிப்பது, வலைப்பக்கத்தை எப்படி எழுதுகிறார்கள், இரண்டையும் சொல்லச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முகவரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் தாய்மாமா திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் சேவையில், முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். கடிதத்தைக் கையில் எடுத்தால் பெயரைப் பார்க்கவே மாட்டார். கண் நேராக அடி வரிக்குப் போகும். பின்கோடு, 1972இல் வந்த அந்த ஆறு இலக்கம். 6 என்று ஆரம்பித்தால் நம் பக்கம் அல்லது கேரளம். அப்புறம் ஊர், தெரு, கதவு எண். "பேரைப் படிச்சுக்கிட்டிருந்தா விடியறதுக்குள்ள ஒரு மூட்டைகூடத் தீராது மாப்ளே" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருஷம் ஒரு எஸ்.எம்.எஸ். "உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, 12 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்துங்கள்." கீழே லிங்க். இந்தியாபோஸ்ட் டாட் கவ் டாட் இன், அதுவரைக்கும் அசல் மாதிரியே. அப்புறம் ஒரு சின்னக் கோடு, அர்த்தமில்லாத நாலு எழுத்து, டாட் டாப், பிறகு ஒரு சாய்கோடு. மாமா தட்டிவிட்டார். ஐந்து ரூபாய் கட்டணம், கார்டு நம்பர் என்று கேட்டபோதுதான் எனக்கு போன் வந்தது. "நம்ம டிபார்ட்மென்ட்தான்டா, பேரைப் பார்த்தேனே!"

பார்த்தீர்களா, பேரைப் பார்த்திருக்கிறார்.

நான் சொன்னேன்: "மாமா, முகவரி ஆரம்பத்துல வர்ற எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடுத்த இரட்டைச் சாய்கோட்டை விட்டுடுங்க." (அது தேவையே இல்லை என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 2009இல் ஒப்புக்கொண்டார். எத்தனை கோடி பேர் தட்டித் தீர்த்த பிறகு!) "அடுத்து வர்ற ஒத்தைச் சாய்கோட்டுல விரலை வைங்க. அங்கேயிருந்து இடப்பக்கமா படிங்க. முதல்ல என்ன வருது?"

"டாப்."

"அதான் உங்க பின்கோடு."

மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை.

டாட் கவ் டாட் இன் அரசு அமைப்புகளுக்கு மட்டுந்தான். ஆனால் அது கடைசியில் இருந்தால்தான் கணக்கு, நடுவில் இருந்தால் வெறும் அலங்காரம். டாட் டாப்பில் காசு கொடுத்து ஒரு பெயர் வாங்கியவர், அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதும் இந்த மாதிரி மோசடிகளுக்குப் பயந்துதான்.

சமையல்கட்டிலிருந்து கேட்பவர்களுக்காக மறுபடியும்: முதல் ஒற்றைச் சாய்கோடு, அங்கிருந்து இடப்பக்கம். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் வீட்டுக்குள் போன மாதிரி. அறை, அலமாரி, அதற்குள் ஒரு காகிதம். அங்கே இடமிருந்து வலம். "ஒரே முகவரியில பாதி இப்படி, பாதி அப்படியா? எங்க சூப்பர்வைசரா இருந்தா கிழிச்சுப் போட்டிருப்பாரு" என்றார் மாமா. நியாயம்தான்.

தமிழ் விக்கிப்பீடியா லிங்கை எடுத்து ஒட்டினால் சதவீதக் குறியாகக் கொட்டுமே, அதுவும் இந்த வலப்பக்கச் சங்கதிதான். 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 குறிகளாக விரியும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஐயோ, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். வலைப்பக்கம் எழுதுவது அப்படியே பாக்கி.

சுருக்கமாகச் சொல்கிறேன். நோட்பேடில் தட்டுகிற சாதாரண எழுத்துதான். பள்ளிக் கணக்கில் சிறியது, பெரியது என்று குறி போடுவோமே, அதே வரிசையில் அந்த இரண்டுக்கும் நடுவில் ஆங்கில எழுத்து 'பி' என்று எழுதினால் அங்கிருந்து தடித்த எழுத்து. 'பி'க்கு முன்னால் சாய்கோடு சேர்த்து இன்னொரு முறை போட்டால் நிற்கும். மூட மறந்தால் கீழே வருவதெல்லாம் தடித்துக்கொண்டே போகும். லிங்குக்கு ஆங்கில 'ஏ' என்ற குறி. அந்தக் குறிக்குள்ளே போகவேண்டிய முகவரி. திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் நம் கண்ணுக்குத் தெரிகிற நீல எழுத்து. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே கிடையாது! அசல் முகவரியை நீலத்தில் எழுதிவிட்டு உள்ளே டாட் டாப்பை வைக்கலாம். அதனால் போனில் லிங்கைத் தட்டாமல் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே இருக்கிற முகவரி பெரும்பாலும் மேலே வந்துவிடும். அதில் அந்த ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள்.

தலைப்பு, படம், பட்டியல் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.