மூன்று மணி நேரமும் மூன்று நாளும்

நண்பர்களே, 2020 மார்ச் 17 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறு கடிதம் வந்தது. கொரோனா வைரஸ் எதன் மீது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று சோதித்துப் பார்த்திருந்தார்கள். பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை. காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் 3 மணி நேரம்.

உலகம் எதைப் பிடித்துக்கொண்டது? 72-ஐ! கதவுக் கைப்பிடியைத் துடைத்தோம், பையைத் துடைத்தோம், பைக்குள் இருந்ததையும் துடைத்தோம். நானும்தான், மறைப்பானேன்.

அந்த 3 எங்கிருந்து வந்தது தெரியுமா? சுழலும் உருளைக்குள் நுண்துளிகளை மிதக்கவிட்டு, அவ்வப்போது உள்ளிருக்கும் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். 3 மணி நேரத்தோடு சோதனை முடிந்தது. அப்போதும் வைரஸ் உயிர்ப்போடுதான் இருந்தது. ஆக, 3 என்பது வைரஸ் செத்த நேரமல்ல, ஆய்வாளர்கள் கடையைக் கட்டிய நேரம். பிளாஸ்டிக்கிலோ 72-ஆவது மணியில் எஞ்சியது வெகு சொற்பம்.

72-ஐப் பற்றி உலகமே பேசியது அல்லவா, அப்படிப்பட்ட பேச்சை எண்ணவும் ஒரு வழி உண்டு: ஆய்வுக் கட்டுரைகளுக்கான ‘ஆல்ட்மெட்ரிக்’ என்ற மதிப்பெண். எத்தனை ட்வீட், எத்தனை செய்தி என்று கணக்குப் போட்டு ஒரு வண்ண வளையம் காட்டும். புகழ்ந்தாலும் திட்டினாலும் அதற்கு ஒன்றுதான். படித்துவிட்டுப் பேசினாரா, படிக்காமல் பேசினாரா என்பது அதற்குத் தெரியாது.

அதே மார்ச் 28-ஆம் தேதி, கோவிட் காற்றில் பரவுவதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே ட்வீட் போட்டது. அதற்கு 18 நாள் முன்பு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தது. வந்தவர்கள் 61 பேர். நோய் கண்டவர்கள் 53 பேர். இருவர் இறந்தார்கள். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்க வேண்டியிருந்தது.

இணையக் கூச்சலை நான் ஒரேயடியாகத் திட்ட வரவில்லை. சாதாரண மின்விசிறியோடு வடிகட்டிகளைப் பெட்டி போலச் சேர்த்து ஒட்டினால் அறைக் காற்று சுத்தமாகும் என்று ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியாளர் யோசனை சொன்னார். வடிகட்டி நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தால் அதைச் செய்தே பார்த்தார். படங்கள் ட்விட்டரில் சுற்றின, ஆசிரியர்களும் பெற்றோர்களும் பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள், வகுப்பறைகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அது எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்கிறது என்று அளந்து சொன்ன ஆய்வுக் கட்டுரைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.