சிகாகோவில் எரித்தார்கள், சிகாகோவிலேயே முளைத்தது

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களுக்கும், நேரம் இரவு ஒன்பதைத் தாண்டியும் இருக்கையை விட்டு எழாத அவையோருக்கும் என் வணக்கம்.

'எலக்ட்ரானிக் நடன இசையும் கிளப் இரவுகளும் வளர்ப்பது பண்பாடா, வெறும் களியாட்டமா?' என்பது இன்றைய தலைப்பு. பண்பாடே என்று வாதிடும் அணியில் மூன்றாவதாகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஐயா சொன்னவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். அது மனிதன் வாசிக்காத இயந்திரச் சத்தம் என்றார். குடிக்கும் போதைக்கும் கட்டிய கூடாரம் என்றார். வேரே இல்லாத பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொல்லி அமர்ந்தார். கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

வேர் இருக்கும் ஊரின் பெயர் சிகாகோ. 1979 ஜூலை 12 அன்று அந்த ஊரின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருபவருக்கு 98 சென்ட்டில் டிக்கெட் என்று அறிவித்திருந்தார்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னின்று நடத்திய ஏற்பாடு அது. சுமார் 50,000 பேர் திரண்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட வேளையில், சேர்ந்த இசைத்தட்டுகளை மைதானத்தில் வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. தரை நாசமானது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், தன்பாலின ஈர்ப்பாளர்களும் நடனத் தளங்களில் வளர்த்தெடுத்த இசை. அன்று அந்த மைதானத்தில் வந்தவர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தான் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன். ஒரு சிந்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி, வாங்குவதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளை. ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் பாடல் தட்டுகளும் கிடந்ததை அவன் கண்ணால் பார்த்தான். வளர்ந்த பிறகு அதைப் பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1984இல், அதே வின்ஸ் லாரன்ஸ் தன் நண்பர் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து ஒரு பாடலை உருவாக்கினார். 'ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசையில் உலகின் முதல் இசைத்தட்டு என்று இன்று பலரும் சுட்டிக்காட்டுவது அதைத்தான். தன் மக்களின் இசை கொளுத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை, அந்த ஊரை விட்டு ஓடவில்லை; கல்லெடுத்து எறியவில்லை; காசு சேர்த்து, கருவி வாங்கி, ஆடுவதற்கு இன்னொரு பாட்டைச் செய்து கொடுத்தது. இதை வேரற்றது என்று சொல்ல உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது?

ஹவுஸ் என்ற பெயரே ஒரு கட்டடத்திலிருந்து வந்தது. 206, தெற்கு ஜெஃபர்சன் தெரு. 1977இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் அங்கே 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடத்தைத் தொடங்கி, நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற 22 வயது டி.ஜே.யை, அதாவது ஆடுவோருக்கு இசைத்தட்டுகளைத் தேர்ந்து தொடுத்துப் போடுபவரை, வரவழைத்தார். வேறு வாசல்களில் நிறத்துக்காகவும், யாரைக் காதலித்தார்கள் என்பதற்காகவும் ஒதுக்கப்பட்ட இளைஞர்கள்தான் அங்கே பெரும்பாலும் வந்தார்கள். சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் வரை நடந்தது. மறுநாள் அவர்கள் கடைக்குப் போய், வேர்ஹவுஸில் போட்ட அந்தத் தட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டே 'ஹவுஸ்' என்று சுருங்கியது. வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகளும் ஆடிய ஓர் இசைக்கு வீடு என்றே பெயர் வாய்த்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஐயா சொன்னது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மேசை ஒன்றுக்குப் பெருந்தொகை வாங்கி, ஆடும் கூட்டத்தைக் கயிறு கட்டிப் பிரித்து வைக்கும் கிளப்புகள் இன்று பல நகரங்களில் இருக்கின்றன. அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. அவை இந்தப் பண்பாட்டின் மேல் படர்ந்த ஒட்டுண்ணி. ஒட்டுண்ணியைக் காட்டி மரமே இல்லை என்று வாதிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

குடியைப் பற்றிப் பேசினார்கள். 1970இல் நியூயார்க்கில் டேவிட் மன்கூசோ என்பவர் தான் வசித்த மாடியையே நடனக் கூடமாக்கி, நண்பர்களை அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்தார். 'லாஃப்ட்' என்று அதற்குப் பெயர். அங்கே மது விற்கவில்லை. வந்தவர்கள் பசியாற உணவு வைத்திருந்தார். பிறகு 1977 முதல் 1987 வரை, பழைய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் நடந்த 'பாரடைஸ் கராஜ்'. லாரி லெவன் அங்கே இசைத்தட்டுப் போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பிறகு உலகமெங்கும் இந்தக் கலையைக் கொண்டுபோனார்கள். அதற்கும் மது உரிமம் கிடையாது. இந்தப் பண்பாட்டின் தாய்வீடுகள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இரண்டு இடங்களிலுமே மது விற்பனை இல்லை. ஆடத்தான் போனார்கள்.

போதைப்பொருளை நான் மறைத்துப் பேசமாட்டேன். அது இந்த இரவுகளுக்குள் புகுந்தது, உயிர்களைக் குடித்தது. லண்டனில் 'ஃபேப்ரிக்' என்ற புகழ்பெற்ற கிளப்பில் 2016இல் 18 வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள். செப்டம்பரில் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. பெற்ற வயிறு எரியும்போது அதைச் செய்தது பிழை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த சில மாதங்களில் நிர்வாகமும் உள்ளாட்சியும் உட்கார்ந்து பேசி, கடுமையான புதிய நிபந்தனைகளுடன் 2017 ஜனவரியில் அதைத் திறந்தார்கள். ஏன்? பூட்டினால் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தப்போவதில்லை. கண்காணிப்பும் தண்ணீரும் முதலுதவியும் இல்லாத இடத்துக்குப் போவார்கள். பெர்லின் நகரம் 2023 முதல் போதைப்பொருளைச் சோதித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லி, கூடவே ஆலோசனையும் தருகிறது. இளைஞர்கள் சாவதை விரும்பாதவர்கள் செய்கிற வேலை அது. அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

இனி இயந்திரம். 'பொத்தானை அழுத்தினால் வருவது இசையா?' என்று கேட்டார் ஐயா.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டி.பி.303 என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாக கிட்டார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் கிட்டாரின் ஒலியைத் தரவேண்டும் என்பது நோக்கம். உண்மையான பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடந்தது. அப்படி ஒன்றை வாங்கினார்கள் சிகாகோவின் மூன்று இளைஞர்கள். 'ஃபியூச்சர்' என்பது அவர்கள் குழுவின் பெயர். தயாரித்தவர்கள் நினைத்தே பார்க்காத விதத்தில், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினார்கள். ஒலி முறுகியது, குழைந்தது, அழுதது. பதிவுசெய்த நாடாவை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பில் டி.ஜே.யாக இருந்த ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள்.

அவர் அதைப் போட்டதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு விலகிப் போனார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி போட்டார். பிறகும் போட்டார். அதே இரவில் நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறிபிடித்ததுபோல் ஆடியது. அந்த மூன்று இளைஞர்களில் ஒருவரான டி.ஜே. பியர் சொல்லும் கதை இது. 1987இல் தட்டாக வந்த அந்த இசையிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற ஒரு பெரும் கிளையே பிறந்தது. இங்கே கலைஞன் யார்? தோற்றுப்போன கருவியில் யாரும் கேட்காத ஒலியைக் கேட்டவன் கலைஞன். இந்தக் கூட்டத்துக்கு இது புரியும், பொறுத்திரு என்று நான்கு முறை நம்பியவனும் கலைஞன். பொத்தான் தானாக எதையும் நம்புவதில்லை ஐயா.

நம் நாட்டிலிருந்தும் ஒருவர் உண்டு. மும்பைத் திரையிசையில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், சிகாகோ இளைஞர்களுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், அதே டி.பி.303ஐயும் ரோலண்டின் டிரம் மெஷின் என்ற தாள இயந்திரத்தையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். யமன், லலித் எல்லாம் அதில் இருக்கின்றன. கமகம் போல வழுக்கிச் செல்லும் அந்தக் கருவியின் ஒலி, ராகம் தெரிந்த ஒருவருக்கு உடனே வசப்பட்டிருக்கிறது. விற்பனை ஆகவில்லை, மறந்துபோனார்கள். 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் திகைத்தது. எழுபது வயதைக் கடந்த பெரியவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்துப் போனார்கள். 2015இல் காலமானார். ராகம் அறிந்த அந்த விரல்களுக்கு இயந்திரம் இசைக்கருவியாக இருந்தது. வெறும் சத்தம் என்று சொல்வதற்கு முன் அந்தப் பதிவை ஒருமுறை கேளுங்கள்.

ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது என்று முகம் சுளித்தார்கள். பிரிட்டனில் 1994இல் இயற்றிய ஒரு சட்டம் இரவுக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தபோது, 'தொடர்ந்து மீண்டும் மீண்டும் வரும் தாளத் தட்டுகள்' என்றுதான் அந்த இசைக்கு விளக்கம் எழுதியது. நாமோ உடுக்கைக்கும் பம்பைக்கும் முன்னால் விடிய விடிய நின்று பழகியவர்கள். தாளம் மாறாமல் வந்துகொண்டே இருந்தால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சட்டம் எழுதி விளக்கவேண்டியதில்லை.

சரி, பெர்லினுக்கு வாருங்கள். 1989 நவம்பரில் நகரத்தை இரண்டாகப் பிரித்து நின்ற சுவர் விழுந்த பிறகு, கிழக்குப் பகுதியில் யாருக்குச் சொந்தம் என்றே தெளிவாகாத காலிக் கட்டடங்கள் ஏராளம். லைப்சிகர் தெருவில் வெர்ட்ஹைம் என்ற பெரிய அங்காடி இருந்த இடம் ஒன்று. யூதக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து நாஜிகளால் பறிக்கப்பட்ட அங்காடி. அதன் நிலவறையில் பணப்பெட்டகங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. டிமிட்ரி ஹெகமான் என்பவரும் தோழர்களும் 1991 மார்ச்சில் அதை 'டிரெசோர்' என்ற கிளப்பாகத் திறந்தார்கள். டிரெசோர் என்றால் பெட்டகம். இருபத்தெட்டு ஆண்டுகள் சுவரின் இரு புறமும் வளர்ந்த பிள்ளைகள், தாழ்ந்த கூரையின் கீழே புகைக்குள் ஒன்றாக ஆடினார்கள். அங்கே ஒலித்தது டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய டெக்னோ என்ற மின்னணு நடன இசை. அந்தக் கிளப் தொடங்கிய இசை நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டே டெட்ராய்ட்காரர்களுடையது. கார் தொழிற்சாலைகள் சரிந்த ஊரின் இசை, சுவர் சரிந்த ஊரில் குடிபுகுந்தது. அரசியல்வாதிகள் மேடைகளில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அந்த நிலவறையில் இரண்டு ஜெர்மனியும் மனதால் ஒன்றானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'இரவில் பெண்ணுக்கு அங்கே என்ன மரியாதை?' என்று எதிரணியில் பேசிய தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. பெர்லினில் படித்த நாட்களில் நான் போயிருக்கிறேன் அம்மா. வாசலில் என் கைப்பேசியை வாங்கி, கேமராவின் கண்மேல் ஒரு சிறு வட்ட ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளே யாரும் யாரையும் படம் எடுக்கக்கூடாது. உள்ளே யாராவது தொந்தரவு செய்தால் சொல்வதற்கென்றே ஆட்கள் நின்றிருந்தார்கள். நான்கு மணி நேரம் தனியாக ஆடினேன். என் உடையை, என் உடம்பை, நான் ஆடும் விதத்தை யாரும் எடைபோடவில்லை. எல்லாக் கிளப்பும் அப்படி என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பகல் வெளிச்சத்தில், நம் பஸ்ஸில், நம் தெருவில், அந்த நான்கு மணி நேர நிம்மதி எனக்குத் தொடர்ந்து கிடைத்ததில்லை.

டி.ஜே. கலைஞனா என்ற வழக்கு ஜெர்மனியில் நீதிமன்றத்துக்கே போனது. கச்சேரி என்றால் டிக்கெட்டுக்கு 7 சதவீத வரி, கேளிக்கை என்றால் 19 சதவீதம். 2016இல் பெர்லினின் 'பெர்க்ஹைன்' கிளப் கச்சேரிக்குரிய வரியையே கட்டினால் போதும் என்று தீர்ப்பு வந்தது. 2020இல் உச்ச நிதி நீதிமன்றம் இதே போன்ற வழக்குகளில் இன்னும் தெளிவாகச் சொன்னது: டி.ஜே.க்கள் பிறருடைய இசையை ஒலிக்கவிடுவதோடு நிற்பதில்லை, தட்டுச் சுழற்றியையும், ஒலிகளைக் கலக்கும் மிக்சரையும் கருவியாக்கிப் புதிய இசையை நிகழ்த்துகிறார்கள் என்று. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. நடுவர் அவர்களே, நீங்கள் இன்று எடைபோடும் அதே கேள்வியை வரிக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எடைபோட்ட நீதிபதிகளும் இந்தப் பக்கமே முடிவு சொன்னார்கள்.

எதிரணித் தலைவர் கேட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. 'விடிந்தால் கலைந்துபோகிற கூட்டம், எதை விட்டுச் செல்கிறது?' என்றார்.

ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014இல் இறந்தார். வேர்ஹவுஸ் இருந்த அந்தக் கட்டடத்தைக் காக்கவேண்டும் என்று மக்கள் குரல் கொடுத்தார்கள். 2023இல் சிகாகோ நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அவர் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் அதே ஊரின் தெற்குப் பகுதியில், ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற இடத்தில் இருக்கின்றன. இடிந்து கிடந்த ஒரு பழைய வங்கியை, தியஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிப் புதுப்பித்த கட்டடம் அது. 1979இல் எந்த ஊரில் மைதானத்தில் வெடிவைத்தார்களோ, அந்த ஊரில், ஒரு வங்கிக்குள், அடுக்கி வைத்திருக்கிறார்கள் ஐயா.

வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி. அமர்கிறேன்.