அரைத்து விட்ட முந்திரி

நேயர்களுக்கு வணக்கம். கருணைக்கிழங்கு சாப்பிட்டு நாக்கு அரிக்காதவர் உண்டா? மறுநாளே வந்து, "எனக்குக் கருணை அலர்ஜி டாக்டர்" என்பார்கள். இல்லைங்க. அந்தக் கிழங்கில் கால்சியம் ஆக்சலேட் என்று ஊசி ஊசியாய் ஒரு படிகம். அது யார் நாக்கானாலும் குத்தும். புளித்தண்ணீரில் வேகவைக்கும் பாட்டிமாருக்கு இது தெரியும். காறுவது வேறு, அலர்ஜி வேறு.

ஊருக்கெல்லாம் ஒத்துப்போகிற பண்டம் ஒருவருக்கு மட்டும் ஆகாமல் போவதுதான் அலர்ஜி. அதிலுள்ள புரதத்தை அவர் உடம்பு பகையாளி என்று எண்ணிவிடுகிறது. புரதம். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் வரும் ஒன்பது வயதுப் பையனும் வந்திருந்தான்; அவனுக்கு முந்திரி ஆகாது. அவன் அம்மா பந்திக்கு முன்பே சமையல்கட்டுக்குப் போய், "அண்ணே, குருமாவில முந்திரி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு பருப்புகூடப் போடலம்மா." இரண்டு வாய்தான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இழுப்பு. நல்லவேளை, அடுத்த தெருவில் மருத்துவமனை. ஊசி போட்டுப் பிழைத்தான். பிறகு அந்த அம்மா போய் நியாயம் கேட்டபோது சமையல்காரர் திகைத்துப்போய்ச் சொன்னார்: "போடலம்மா... கசகசாவோட அரைச்சுல்ல விட்டேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. நம் சமையலில் போடுவது வேறு, அரைத்து விடுவது வேறு. புரதத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அதனால் இரண்டு முறை கேளுங்கள்: போட்டிருக்கா? அரைச்சு விட்டிருக்கா?

வறுத்தால் போகாதா என்பார்கள். சில பழங்களின் புரதம் சூட்டில் சிதையும். முந்திரியும் நிலக்கடலையும் அசைந்து கொடுக்காது. கடலையை வறுத்தால் வீரியம் கூடவும் செய்யும். முந்திரி ஆகாத பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் அநேகமாக இராது, செக்கெண்ணெயில் கொஞ்சம் தங்கும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டே நிமிடம். மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். தேவை அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கச் சதையில். 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார்த்துங்கள், நடக்க விடாதீர்கள்.

கைக்குழந்தைக்குக் கடலை கொடுக்கலாமா? லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று. அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 11 மாதத்துக்குள் கொடுக்கத் தொடங்கியதில், ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. தோலில் கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. முழுக்கடலை வேண்டாம், தொண்டையை அடைக்கும். அரைத்துத்தான்! வணக்கம்.