நாடக நோட்டீஸும் ஊர்ச் செய்தியும்

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்துக் கலை, கிராமத்துச் செய்தி என்று எதையாவது பேசுங்கள், பதினைந்து நிமிடம் தருகிறோம் என்றார்கள். நான் மேலூர்ப் பக்கத்துக்காரி. நானும் என் வீட்டுக்காரரும் ரொம்ப காலம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக் எல்லாம் அடிப்போம். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் வைகாசி முடியும்வரை சோறு தின்ன நேரமில்லாமல் அடித்தது திருவிழா நோட்டீஸும் நாடக நோட்டீஸும்தான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வேறு எதைத் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன், என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

செய்தித்தாளுக்கும் நமக்கும் பழைய சொந்தம். ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியது இந்த மதுரையில்தான். டீக்கடை பெஞ்சில் ஒருவர் சத்தமாக வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்களும் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டார்கள். சரி, நாட்டு நடப்பு தெரிந்தது. ஊர் நடப்பு? எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வர வேண்டுமென்றால் மஞ்சுவிரட்டில் மாடு குத்த வேண்டும், இல்லை யாராவது யாரையாவது வெட்ட வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. இத்தனை ஊர் இருக்கும்போது எல்லா ஊர் முளைப்பாரியையும் போட பேப்பரில் இடம் ஏது? அதனால் ஊர்க்காரர்கள் தங்கள் செய்தியைத் தாங்களே காசு கொடுத்து அச்சடித்துக்கொண்டார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மலிவான கலர் பேப்பரில், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பத்திரிகை அது.

நீங்களும் ஒன்றாவது பார்த்திருப்பீர்கள், பஸ்ஸில் கொடுத்திருப்பார்கள், கடைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். உச்சியில் அம்மன் துணை. அதன் கீழே "நிகழும் மங்களகரமான" என்று தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை. சாமி சாட்டுவது என்றைக்கு, காப்புக் கட்டு என்றைக்கு, பொங்கல், கிடா வெட்டு, முளைப்பாரி ஊர்வலம் எப்போது என்று வரிசையாக இருக்கும். அப்புறம் பெரிய எழுத்தில் "இரவு 10 மணியளவில் வள்ளி திருமணம் நாடகம்". ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், நாரதர் யார், பபூன் யார், டான்ஸ் யார், ஆர்மோனியம், மிருதங்கம், மற்றத் தாள வாத்தியமெல்லாம் பார்க்கிற ஆல்ரவுண்டு யார் யார், எந்த ஊர், எல்லாம் போட்டோவோடு. சீன் செட் யாருடையது, மைக் செட் யாருடையது என்றுகூட இருக்கும். கடைசியில் "இங்ஙனம்" என்று அம்பலகாரர்கள், விழாக் கமிட்டியார், இளைஞர்கள் பெயர். அதற்கும் அடியில் எறும்பு சைஸில் எங்கள் அச்சகத்தின் பெயர். இவ்வளவும் ஒரே தாளில்!

நாடகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. இது கம்பெனி நாடகம் இல்லை, ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரை, ஆர்மோனியக்காரர் திண்டுக்கல்லாக இருப்பார். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் "வாங்கண்ணே, நல்லாருக்கீகளா" என்று பார்த்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு ஏறினால் விடியும்வரை நாடகம் ஓடும். எப்படி முடிகிறது? எல்லாரும் படித்தது ஒரே பாடம், சங்கரதாஸ் சுவாமிகள் பாடம். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த மனிதர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று பையன்களை வைத்துக் கம்பெனி தொடங்கினார். பின்னால் நாடகத்தில் பெரிய பெயர் எடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அதில்தான் வந்து சேர்ந்தார்கள். 1922இல் சுவாமிகள் மறைந்துவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் அவர் எழுதிய தர்க்கத்தில்தான் முருகனும் வள்ளியும் ஊர் கூடுகிற பொது இடமான நம் மந்தைகளில் விடிய விடிய மோதிக்கொள்கிறார்கள்.

ஒத்திகை இல்லாத நாடகத்துக்கு முன்கூட்டி இருக்கிற ஒரே காகிதம் நோட்டீஸ்தான். இன்ன ஊர், இன்ன தேதி, இன்னார் வருகிறார் என்று ஊரறியப் போட்டுவிட்டால் அதுதான் ஒப்பந்தம். போட்டிருக்கிற ஆள் வரவில்லை என்றால் மைக்கில் சத்தம் கிளம்பிவிடும்.

அந்தக் காலத்தில் ஈய எழுத்து, காலால் மிதிக்கிற டிரெடில் மிஷின். போட்டோ போட வேண்டுமென்றால் பிளாக் வேண்டும். துத்தநாகத் தகட்டில் முகம் அரித்திருக்கும், அதை மரக்கட்டையில் ஆணி அடித்து வைத்திருப்பார்கள். நாடக அமைப்பாளர் ஒரு மஞ்சள் பையில் இந்தப் பிளாக்குகளைப் பழைய பேப்பரில் சுருட்டிக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார். முருகன் ஒரு பக்கம், வள்ளி ஒரு பக்கம், பபூன் தலைகீழாகக் கிடப்பார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மிஷினில் பூட்டுவோம். பிளாக் செய்யக் காசு ஆகும் என்பதால் ஒரு தடவை செய்தால் அதுதான் ஆயுசுக்கும். நோட்டீஸில் மீசை அரும்பிய வாலிபன், மேடையில் வந்து நிற்பவருக்குப் பேரன் பேத்தி இருக்கும். ஜனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. குரல் இருக்கிறதா, அவ்வளவுதான்.

நோட்டீஸில் உண்மையான நாடகம் அந்த "இங்ஙனம்" பகுதியில்தான். யார் பெயர் முதலில்? எங்கள் பக்கம் ஊருக்குள் கரை கரையாகப் பங்காளிகள். எந்தக் கரைக்கு முதல் மரியாதை என்பது தாத்தன் காலத்திலிருந்து வருகிற கணக்கு. ஒரு வருஷம் ஒரு ஊரில் இரண்டாவது கரைக்கும் மூன்றாவது கரைக்கும் வாய்த்தகராறு. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்களும் இந்நேரம் ரேடியோ பக்கத்தில்தான் இருப்பார்கள். மேட்டர் எழுதின தாளை ஒரு கோஷ்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும், அரைமணி கழித்து இன்னொரு கோஷ்டி வந்து அடித்துத் திருத்திவிட்டுப் போகும். கோர்த்து வைத்த எழுத்தைப் பிரிப்பதும் மறுபடி கோர்ப்பதுமாக எனக்கு விரல் நுனி கறுத்துப் போனது. கடைசியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அண்ணே, கரையும் வேண்டாம், கிளையும் வேண்டாம். அகர வரிசையில போட்டுருவோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது." வாத்தியார் ஒருவர் கூட வந்திருந்தார், அவரும் தலையாட்டினார். சரி என்று போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்து அகர வரிசை எப்படி என்று உங்களுக்கே தெரியும். அழகர்மலை பக்கத்தில் இருக்கிறது. அழகர், அழகர்சாமி, அழகுமலை, சின்ன அழகன் வேறு. எங்கள் அச்சகத்தில் மற்ற எந்த எழுத்தும் போதும், "ழ" மட்டும் தீர்ந்துபோகும். எழுத்து வாங்கும்போதே "ழ"வைக் கூடுதலாகக் கேட்டு வாங்குவோம், அப்படியும் பத்தாது. அகர வரிசையில் கோர்த்தால் அழகர்மாராகவே மேலே நிற்கிறார்கள். கருப்பணன்மார் நடுவில். வீரணனும் வெள்ளைச்சாமியும் அடியில் கிடக்கிறார்கள். புரூஃப் பார்க்க வந்த வெள்ளைச்சாமி என்ற பெரியவர் தாளை மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஏம்மா, எங்கப்பன் எனக்கு வெள்ளைச்சாமின்னு பேரு வச்சது தப்பா?" என்றார். என் வீட்டுக்காரர் அகர வரிசையை விளக்கினார். "அதை யாரு போட்டது? அவனும் அழகர் பேருக்காரனாத்தான் இருப்பான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நோட்டீஸ் அப்படியேதான் அச்சானது. ஊரில் புகைச்சல்.

நாடகத்தன்று நானும் போயிருந்தேன். மந்தையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறோம், ஒரு பக்கம் அவித்த கடலை விற்கிறார்கள். பபூன் வந்தார். பபூன் என்றால் முதலில் வந்து ஊரைச் சிரிக்கவைத்துத் தூக்கம் கலைப்பவர். ஊர்ப் புகைச்சலை யாரோ டீக்கடையில் அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்தார். "இங்ஙனம்" என்று ராகம் போட்டு, அடியிலிருந்து மேலாக வாசிக்க ஆரம்பித்தார். முதல் பெயர் வெள்ளைச்சாமி. கூட்டத்தில் ஒரே சத்தம். அழகர் கோஷ்டி எழுந்து நிற்கிறது. பபூன் அசரவில்லை. "இருங்கய்யா இருங்க. விடியிறதுக்குள்ள இந்த மேடைக்கு முதல்ல வர்றவன் யாரு? வேடன். அப்புறம் யாரு? வேங்கை மரம். அதுக்கப்புறம்? பல்லுப் போன கிழவன். கடைசியா வர்றவன்தான்யா முருகன். மாலை யாரு கழுத்துல விழுகும்?" என்றார். ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தது. வெள்ளைச்சாமி ஐயா எழுந்துபோய் அந்தப் பபூன் சட்டையில் அன்பளிப்பு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் அந்த ஊரிலிருந்து நோட்டீஸ் அடிக்க வந்தபோது என்ன ஆனது தெரியுமா? அழகர்மார் ரெண்டு பேர் தனியாக வந்து, "எங்க பேரைக் கடைசியில போட வழி இருக்கா?" என்று கேட்டார்கள்.

இந்தக் கதையை எங்கே போனாலும் சொல்வேன், நேரம் போய்விட்டது. கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நான் தண்ணீர் விஷயத்துக்கு வர வேண்டும்.

நோட்டீஸைக் கையில் எடுத்தாலே அந்த வருஷம் கண்மாய் நிறைந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் மேலூர்க் கால்வாயில் 85,563 ஏக்கர், அது ஒருபோகம். ஒரே ஒரு வெள்ளாமைதான். வைகை அணையில் தண்ணீர் திறந்து, அது கடைமடைக்கு வந்து சேர்ந்து, தை மாசியில் அறுத்து, களத்தில் காசு பார்த்தால்தான் பங்குனியில் தலைக்கட்டு வரி பிரியும். வரி பிரிந்தால் நாடகம். தண்ணீர் நன்றாக வந்த வருஷம் பெரிய தாள், நாலு கலர், ரெண்டு ராத்திரி நாடகம், ரெண்டு பபூன். வராத வருஷம் கால் தாளில் கறுப்பு மையில் பொங்கல் வைப்பது மட்டும் இருக்கும். அதைவிட மோசமான வருஷத்தில் ஆளே வர மாட்டார்கள். மிஷினுக்கு எண்ணெய் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஆர்மோனியக்காரர் வீட்டில் உலை கொதிக்காது. பேசுகிறவர்கள் கலை வேறு, விவசாயம் வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள். நோட்டீஸ் அடித்தவளுக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது.

எனக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் ஸ்திரீபார்ட்டையும் டான்ஸ் ஆடுகிற பிள்ளையையும் விட்டால் ஒரு பொம்பளைப் பெயர் இருக்காது. முளைப்பாரி போடுவது யார்? சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, நவதானியம் தூவி, வெளிச்சம் படாமல் இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது யார்? காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதமிருந்து, ராத்திரியெல்லாம் கும்மி அடித்துப் பாடி, முழங்கை உயரத்துக்கு வெளிறி வளர்ந்த பயிரைத் தலையில் தூக்கிக் கண்மாய்க்கரை வரைக்கும் போவது யார்? நோட்டீஸில் "முளைப்பாரி ஊர்வலம், மாலை 5 மணி" என்று ஒரே வரி. அதற்குக் கீழே ஆம்பளைப் பெயர் அறுபது. நான் கேட்டிருக்கிறேன். "வரி கட்டுறது தலைக்கட்டுத்தானம்மா" என்பார்கள். கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. இப்போது சில ஊர்களில் படித்த பெண் பிள்ளைகள் கேட்டு, மகளிர் குழுவின் பெயரைப் போடவைக்கிறார்கள். பெயர் எழுத்து கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.

இன்னும் ரெண்டு நிமிடம் என்கிறார்கள். டங்ஸ்டன் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பரில் எங்கள் மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் என்ற உலோகம் எடுக்கிற சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஊர் ஊராக மந்தையில் கூடினார்கள். திருவிழாவுக்குக் கூடுகிற அதே மந்தைதான். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்குக் கிளம்பிய பேரணியில் எத்தனை ஊர் ஜனம்! அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. முளைப்பாரி தூக்கிய பெண்கள்தான் அங்கே முன்வரிசையில் நின்றார்கள். ஒன்றாக வரி பிரித்து நாடகம் போட்டுப் பழகிய ஊருக்கு ஒன்றாகக் கிளம்பத் தெரியாமலா போகும்?

ஃபிளெக்ஸ் பற்றியும் பேச நேரமில்லை. திருவிழா முடிந்தால் அது கோழிக்கூட்டுக்கு மேலே போய்விடுகிறது, அவ்வளவு சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் வருகிற நோட்டீஸ் அதற்கும் முன்னால் அழிந்துவிடுகிறது. ஆகவே, ஐயா, தாயே, உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டி அடியிலோ பழைய நோட்டீஸ் விரித்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பல கலைஞர்களுக்கு வேறு சான்றே கிடையாது. எடுத்துத் தூசி தட்டி, பின்பக்கத்தில் பென்சிலால் ஆங்கில வருஷத்தை எழுதுங்கள். நோட்டீஸில் வெறும் "பிரபவ வருஷம்" என்று இருந்தால் அது 1927ஆ, 1987ஆ என்று உங்கள் பேரனுக்குக் குழப்பம் வரும், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர்தான் திரும்ப வருகிறது. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். அப்புறம், அந்த வருஷம் உங்கள் வீட்டில் முளைப்பாரி தூக்கியது யார் யார் என்று அம்மாவிடம், அப்பத்தாவிடம் கேட்டு அந்தப் பெயர்களையும் எழுதுங்கள். பின்பக்கம் முழுக்க இடம் இருக்கிறது.

சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். வணக்கம்.