கொண்டை ஊசி வளைவில் ஒரு நொடி: செக்மென்ட் சாதனைக்கு நேரம் எங்கே கிடைக்கிறது?

[காட்சி: கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. விடியற்காலை. சாலை ஓரத்தில் ஒரு ரோடு பைக்.]

இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிள் பயணத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில், சாலையின் ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பெயர் செக்மென்ட். அதை யார் எவ்வளவு நேரத்தில் கடந்தார் என்று அது பட்டியல் போடும். இந்த ஏற்றத்தில் அந்தப் பட்டியலின் முதல் இடத்துக்குக் குறி வைக்கிறவர், மிதிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். எங்கே எத்தனை நொடி கிடைக்கும்? அந்த நொடிக்கு என்ன விலை?

வலது பக்கம் திரும்பும் வளைவைப் பாருங்கள். நாம் இடது ஓரமாக ஏறுவதால் நமக்கு வெளிவட்டம். அதை விட்டு உள்வட்டத்துக்கு வெட்டினால்? இரண்டு தடங்களுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்தால், அரைவட்டத்தில் சுமார் 9 மீட்டர் மிச்சம். மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் அது இரண்டரை நொடி. ஆனால் உள்வட்டம் செங்குத்து, அங்கே வேகம் விழும். கடைசியில் ஒரு நொடி தேறினாலே பெரிது.

இடது வளைவில் கதை தலைகீழ். செங்குத்தான உள்பக்கமே நம் தடம். கால் கடுக்கிற நேரத்தில் ஹேண்டில்பார் தன்னால் வலது பக்கம் விரியும்.

இரண்டிலுமே போய்ச் சேருகிற இடம் எதிர்த்தடம். மேலிருந்து இறங்கும் பஸ், வளைவை ஒரே வீச்சில் திரும்ப முழுச் சாலையையும் எடுக்கும். முன்பக்கம் அகலமாகப் போகும், பின்சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று விதி இருக்கிறது. அதை நம்பி பஸ்ஸோடு வழக்காடாதீர்கள். ஹார்ன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டுங்கள். அன்றைய முயற்சி போச்சு, அவ்வளவுதான்.

[திரையில் எழுத்து: உதாரணக் கணக்கு: 20 நிமிட ஏற்றம், மொத்த எடை 78 கிலோ]

சரி, நேரம் வேறு எங்கே இருக்கிறது? ஏற்றத்தில் பெரும்பகுதி உழைப்பு எடையைத் தூக்கத்தான் போகிறது. 70 கிலோ ஆள், 8 கிலோ சைக்கிள். 750 மில்லி பாட்டில் இரண்டையும் நிரப்பிக்கொண்டு போனால் கூடுதலாக ஒன்றரை கிலோ. 20 நிமிடத்தில் 20 நொடிக்கு மேல் தின்றுவிடும். ஒரு பாட்டிலைக் கீழே விட்டாலே பத்து நொடி கையில். ஹெல்மெட்டைக் கழற்றினால்? 250 கிராம், 4 நொடிகூடக் கிடையாது. முன்விளக்கு 100 கிராம் என்றால் ஒன்றரை நொடி. ஏறும்போது ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த 4 நொடியும் இல்லை. எடை அதே சைக்கிளில்தானே தொங்குகிறது!

இதைவிடப் பெரிய ஓட்டை, தொடக்கத்தில் அவசரப்படுவது. மிதிக்கும் சக்தியை வாட்டில் அளப்பார்கள். 20 நிமிடத்துக்கு 260 வாட் தாங்குகிறவர், முதல் மூன்று நிமிடம் 250-இல் அடங்கியிருக்க வேண்டும். 310-இல் பாய்ந்தால் அப்போது கிடைக்கும் நொடிகளைக் கடைசி ஐந்து நிமிடம் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். பாதுகாப்புக்கும் இதுதான் வினை. மூச்சு வாங்கித் தலை குனிந்து, சைக்கிள் பாம்பு மாதிரி நெளியத் தொடங்குவது இப்படி ஓட்டியவர்களுக்குத்தான். அதே 260-ஐ 270 ஆக்கினால் சுமார் 40 நொடி. நாற்பது வளைவை ஆபத்தாக வெட்டிச் சேர்க்கிற நேரம் அது. பயிற்சியில் வருகிறது.

[காட்சி: செக்மென்ட் வரைபடம், முடிவுக் கோட்டின் மேல் வட்டம்]

செக்மென்டைத் தேர்வு செய்யும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. ஸ்ட்ராவா கணக்கில் நின்ற நேரமும் ஓடிய நேரம்தான். சிகப்பு விளக்கில் 40 நொடி நின்றால் அந்த 40-உம் சேரும். அதனால் சிக்னல், ரயில்வே கேட், பள்ளி வாசல் இருக்கிற செக்மென்ட் தானாகவே சிக்னலைத் தாண்டத் தூண்டும். தொடவே வேண்டாம். முடிவுக் கோடு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். பலர் அடையாளத்துக்காக நாற்சந்தியில் கொண்டுபோய் முடித்திருப்பார்கள். கண் இருட்டிக்கொண்டு வரும் கடைசி ஸ்பிரின்ட், நேராகச் சந்திக்குள். ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும் என்பதால் கோட்டைத் தாண்டியும் 50 மீட்டர் மிதிக்க வேண்டியிருக்கும். அதற்கு இடமில்லாத செக்மென்ட் நமக்கு ஆகாது. அப்படிப்பட்டதை ஆபத்தானது என்று ஸ்ட்ராவாவிலேயே குறிக்கலாம். குறித்தால் நேரப்பட்டியல் மறைந்துவிடும்.

சமவெளியில் கூட்டாளி காற்று. காற்றே இல்லாத நாளில் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 305 வாட் வேண்டும். பின்னாலிருந்து 10 கி.மீ. காற்று தள்ளினால் 190 போதும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இது இனாம். லாரியின் பின்னால் ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். முன்னால் வேகத்தடை வருகிறதா, போலீஸ் பேரிகேட் வருகிறதா எதுவும் தெரியாது. லாரிக்காரர் பிரேக் பிடித்தால்தான் தெரியும்.

[காட்சி: இறக்கம். வேகமானி 60.]

இறக்கத்தில் சாதனை வேண்டாம் என்பது எங்கள் கட்சி. 8 சதவீதச் சரிவு, காய்ந்த சாலை, சுதாரிக்க ஒரு நொடி என்று கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 17 மீட்டர். 60-இல் சுமார் 50 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 50 மீட்டர் முன்னால் எதுவும் தெரியாது. 2010 ஜூனில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச் சாலை ஒன்றில், கைவிட்டுப் போன இறக்கச் சாதனையை மீட்கப் போனவர் காரைத் தவிர்க்கப் பிரேக் பிடித்து விழுந்து இறந்தார். குடும்பத்தினர் 2012-இல் ஸ்ட்ராவா மீது வழக்குப் போட்டார்கள். சைக்கிள் ஓட்டும் ஆபத்தை ஓட்டியவரே ஏற்றுக்கொண்டார் என்று 2013-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆகவே உச்சியில் முதல் வேலை, சைக்கிள் கம்ப்யூட்டரில், ஓடும்போதே நேரத்தை ஒப்பிட்டுக் காட்டும் நேரடி செக்மென்ட் திரையை அணைப்பது. 50 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 28 மீட்டர் குருடாகப் போயிருப்போம். அடுத்து டயர். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் முன்னே 70, பின்னே 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். 110 அடித்தால் கரடுமுரடான தாரில் டயர் துள்ளும். வேகமும் பிடிப்பும் சேர்ந்தே குறையும். ஈரமாக இருந்தால் இன்னும் 5 குறைக்கலாம்.

பிரேக்கை வழி நெடுக உரசிக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடேறும், ரிம் பிரேக் வண்டியில் டியூப் வெடிக்கக்கூடும். நிமிர்ந்து, வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, திரும்பும்போது விட்டுவிடுங்கள். மழைத்துளி விழுந்த நாளில் வெள்ளைக் கோட்டின் மேலும், வளைவில் சிந்திய டீசல் மேலும் சக்கரம் ஏறக்கூடாது. இறங்குகிற நேரத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, மெதுவாகவே கிளம்புங்கள்.